கேவனா பாலத்துப் பூனைகள் எவ்வளவு பழையவை? ஆற்றுப் பாலங்களின் விலங்குச் சிலைகள் பற்றி ஒரு விளக்கம்

சிங்கப்பூர் ஆறு கடலைத் தொடும் பகுதியில் ஒரு மணி நேரம் நடந்தால் பூனை, சிங்கம், மாடு, பாதி சிங்கமும் பாதி மீனுமான மெர்லயன் என்று வரிசையாக விலங்குகளைப் பார்த்துவிடலாம். எல்லாமே ஏதாவது ஒரு பாலத்தின் மீதோ பாலத்துக்குப் பக்கத்திலோ இருக்கின்றன. கேவனா, ஆண்டர்சன், எல்ஜின் ஆகிய மூன்று பாலங்களும் 2019 அக்டோபரில் ஒன்றாகத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. நாட்டின் 73ஆவது தேசிய நினைவுச்சின்னம் அது. பாலம் இவ்வளவு பழையது என்றால் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சிலையும் அதே காலத்தது என்று பார்க்க வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது அவசியம். கேவனா பாலத்துக்கும் அதன் ஓரத்துப் பூனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 120 ஆண்டுகள் இடைவெளி இருக்கிறது. அந்தப் பாலத்தோடு உண்மையிலேயே தொடர்புள்ள விலங்கு வேறு. அதன் கதை தமிழர் கதையோடு சேர்ந்தது.

முதலில், பாலங்களின் வரிசை

ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து கடலை நோக்கி வந்தால் எல்ஜின், கேவனா, ஆண்டர்சன், எஸ்பிளனேட் என்ற வரிசையில் பாலங்கள் வரும். எஸ்பிளனேடுக்குப் பக்கத்திலேயே 2015ல் திறந்த ஜூபிலி நடைபாலமும் உண்டு.

இடத்தின் பழமையைப் பார்த்தால் எல்ஜின்தான் மூத்தது. 1820களிலேயே அங்கே ஒரு மரப்பாலம் இருந்தது. மக்கள் அதை ‘மங்கி பிரிட்ஜ்’, அதாவது குரங்குப் பாலம் என்றார்கள். 1844ல் அதற்குப் பதிலாக இன்னொரு மரப்பாலம் வந்தது. 1862ல் கல்கத்தாவிலிருந்து தருவித்த இரும்பால் அடுத்த பாலம் கட்டி, இந்தியாவின் தலைமை ஆளுநர் எல்ஜின் பிரபுவின் பெயரை வைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் எல்ஜின் பாலம் 1929ல் திறந்தது. சவுத் பிரிட்ஜ் ரோடு, நார்த் பிரிட்ஜ் ரோடு என்ற பெயர்களில் வரும் பாலமும் இந்த இடத்துப் பாலம்தான். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற தெருவுக்கு ‘தெற்குப் பாலச் சாலை’ என்று ஏன் பெயர் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஆனால் கட்டப்பட்ட வடிவம் பெரிதாக மாறாமல் இன்றும் நிற்கும் பாலங்களில் மூத்தது 1869ல் கட்டப்பட்ட கேவனா பாலம்.

கேவனா பாலம் எப்படி நிற்கிறது?

தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணத் தொங்குபாலம் மாதிரி தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் வேறுபாடு புரியும். வழக்கமான தொங்குபாலத்தில் பெரிய வடம் ஒன்று வில் மாதிரி தொங்கும். அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் கம்பிகள் பாலத்தின் தளத்தைத் தூக்கிப் பிடிக்கும். கேவனாவில் கரையோரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து இரும்புத் தண்டுகள் சாய்வாக, நேர்கோட்டில் வந்து தளத்தைப் பிடிக்கின்றன. மேலே வளைந்து போகும் மெல்லிய வடத்துக்கு முக்கிய வேலை, நீளமான அந்தத் தண்டுகள் தம் எடையாலேயே தொய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

இதற்கு ஆர்டிஷ்–லெஃபூவர் முறை என்று பெயர். ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கூட்டாகக் காப்புரிமை பெற்ற முறை இது. லண்டனில் 1873ல் திறந்த ஆல்பர்ட் பாலமும் இதே குடும்பம். படைவீரர்கள் அதைக் கடக்கும்போது ஒரே தாளத்தில் அடியெடுத்து வைக்கக்கூடாது என்ற பலகை அங்கே இன்றும் இருக்கிறது. ஒரே தாளத்தில் பல கால்கள் மிதித்தால் இவ்வகைப் பாலம் ஆட ஆரம்பிக்கும் என்ற கவலைதான் காரணம். கேவனா பாலத்தையும் திறக்கும் முன் இப்படித்தான் சோதித்தார்கள். 120 சிப்பாய்களை அதன் மேல் அணிவகுத்து நடக்கவிட்டுப் பார்த்தார்கள்.

இரும்புப் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தவை. இங்கே அவற்றைப் பூட்டிப் பாலமாக நிறுத்தியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். இதை எந்தச் சிலையும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்தியக் கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செங்கல் சுட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அவர்கள்தான் எழுப்பினார்கள். அதன் சுவரில் பூசியது ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, காய்ந்தபின் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் முறை அது. நம் ஊர்ச் செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். இன்று அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் கை பட்டது. அவர்கள் செய்த பெரிய வேலைகளில் கடைசியானது என்று கேவனா பாலத்தைத்தான் சொல்கிறார்கள். 1873ல் இங்கிருந்த கைதிச் சிறை மூடப்பட்டது.

பாலத்தின் பெயரிலும் இந்தியத் தொடர்பு இருக்கிறது. 1867 வரை சிங்கப்பூர் இந்திய அரசின் கீழ் ஆளப்பட்டது. அந்த வகையில் கடைசி ஆளுநர் வில்லியம் ஆர்ஃபர் கேவனா. ஆக, பெயர் இந்தியாவிலிருந்து ஆட்சி நடந்த காலத்தின் கடைசி ஆளுநருடையது, உழைப்பு இந்தியக் கைதிகளுடையது. ஆளுநரின் குடும்பச் சின்னம் பாலத்தின் இரண்டு முனைகளிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பலகையில் இருக்கும் மாடு

பாலத்தின் முனையில் பழைய அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. ஏற்றிய சுமையோடு சேர்த்து 3 ஹண்டர்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள எந்த வண்டிக்கும், எல்லா மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் இந்தப் பாலத்தில் அனுமதி இல்லை என்று காவல்துறைத் தலைமை அதிகாரியின் ஆணையாக அதில் எழுதியிருக்கும்.

ஹண்டர்வெயிட் என்பது பழைய ஆங்கிலேய எடையளவு. ஒன்றுக்கு 112 பவுண்டு. மூன்றுக்கு 336 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 152 கிலோ. வண்டி இழுக்கும் மாடு ஒன்றின் எடையே இதைவிட அதிகம். ஆகவே மாட்டு வண்டி காலியாக வந்தாலும் கடக்க முடியாது. ஆள் தள்ளும் சின்ன வண்டி வேண்டுமானால் போகலாம்.

சரி, ஏன் இந்தத் தடை வந்தது? காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

1. அலுவலகங்களும் நீதிமன்றமும் வடகரையில், வணிகமெல்லாம் தென்கரையில். இரண்டையும் ஆற்றின் முகத்துவாரத்தில் இணைத்த ஒரே வண்டிப்பாதை கேவனா பாலம். நகரம் வளர வளர, மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ரிக்‌ஷாவும் அதன் மேல் நெருக்கியடித்தன.

2. பாலம் தாழ்வானது. கடல் ஏற்றத்தின்போது சரக்குப் படகுகள் அடியில் நுழைய முடியாமல், நீர் வடியும்வரை காத்திருந்தன. மேலேயும் நெரிசல், கீழேயும் நெரிசல்.

3. இதற்குத் தீர்வாக 1910ல் ஆண்டர்சன் பாலம் திறந்தது. கேவனாவை இடித்துவிடுவதுதான் முதலில் இருந்த திட்டம். அப்புறம் மனம் மாறி, நடப்பவர்களுக்கான பாலமாக வைத்துக்கொண்டார்கள். வண்டிகள் புதிய பாலத்துக்குப் போகட்டும் என்பதைச் சொல்லத்தான் பலகை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். கூட்டமாக மனிதர்கள் நடந்தால் மொத்த எடை மாட்டு வண்டியைவிடப் பல மடங்கு ஆகுமே, அதை ஏன் அனுமதிக்கிறார்கள்? பதில், எடை எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. மனிதக் கூட்டத்தின் எடை தளம் முழுக்கப் பரவி விழும். பாரம் ஏற்றிய வண்டியின் மொத்த எடையும் இரண்டு சக்கரங்கள் தொடும் சின்ன இடத்தில் இறங்கும். இரும்புப் பட்டை கட்டிய சக்கரம் தளத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அடிக்கும். பாலம் ஒரே நாளில் உடையாது. ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை, ஆண்டுக்கணக்கில் இந்த அடி விழும்போது தளமும் குறுக்கு விட்டங்களும் இணைப்புகளும் களைத்துப்போகும். உலோகக் களைப்பு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். 1869ல் மாட்டு வண்டிக் காலத்துக்குக் கட்டிய பாலம் நூற்றைம்பது ஆண்டு தாண்டியும் நிற்பதற்கு, 1910க்குப் பிறகு அதன் மேல் வண்டி ஏறாததும் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

பூனைகள் எப்போது வந்தன?

இப்போது பூனைகளைப் பார்க்கலாம். ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் பக்கம், கேவனா பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரு வெண்கலப் பூனைக் குடும்பம் உட்கார்ந்திருக்கும். தேடினால்தான் கண்ணில் படும்.

இவை ‘குச்சிந்தா’ பூனைகள். மலாயில் குச்சிங் என்றால் பூனை, சிந்தா என்றால் அன்பு. இரண்டையும் சேர்த்து உருவாக்கிய பெயர் இது. சிங்கப்புரா என்ற பூனை இனத்தை 1990களின் தொடக்கத்தில் சுற்றுலாத் துறை நாட்டின் செல்லச் சின்னமாக்கி, ஆற்றோரத்தில் இத்தகைய சிலைகளை வைத்தது. உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று சிங்கப்புரா. இங்கே தெருவிலும் வடிகாலிலும் வாழ்ந்த பூனைகளின் வழிவந்தது என்று சொல்லப்பட்டது. ஆனால் இந்த இனத்துக்கு மூலமான பூனைகள் 1974ல் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, மறு ஆண்டு திரும்பிப் போனவை என்று இறக்குமதித் தாள்கள் காட்டின. பின்னால் நடந்த மரபணு ஆய்வுகளிலும் அது பர்மியப் பூனை இனத்துக்கு மிக நெருக்கமானது என்று தெரிந்தது. சர்ச்சை இருந்தும் பெயரும் சின்னமும் நின்றுவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது காலம். 1980களின் தொடக்கம்வரை இந்த ஆறு சரக்குப் படகுகளின் ஆறு. ஆற்றைச் சுத்தம் செய்யும் பணி 1977 முதல் 1987 வரை நடந்தது. 1983ல் படகுகள் பாசிர் பாஞ்சாங் பக்கம் மாற்றப்பட்டன. வேலை செய்த ஆறு, உலா வருபவர்களின் ஆறானது. பூனைகள் அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தவை. சிலை அழகாக இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் அது பாலத்தின் வடிவமைப்பில் சேர்ந்தது இல்லை.

பாலத்தோடு பிறந்த சிங்கங்கள்

எல்ஜின் பாலத்தில் நிலைமை வேறு. அதன் இரு முனைகளிலும் இருக்கும் விளக்குத் தூண்களின் அடிப்பகுதியில் வட்டமான வெண்கலத் தகடுகள் உண்டு. பனை வகை மரம் ஒன்றின் முன்னே சிங்கம் நிற்பதுபோல் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும். இவற்றைச் செய்தவர் ருடால்ஃபோ நோலி என்ற இத்தாலியச் சிற்பி. பழைய உச்ச நீதிமன்ற முகப்பின் நீதிதேவதைச் சிற்பமும் அவருடையதே. இந்தச் சிங்கங்கள் 1929ல் பாலத்தோடு சேர்ந்தே வந்தவை. ‘பாலத்தை அலங்கரிக்கும் விலங்கு’ என்று மூன்று நினைவுச்சின்னப் பாலங்களில் சரியாகச் சொல்லக்கூடியவை இவைதாம். பேருந்தும் காரும் ஓடும் பாலம் என்பதால் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அது வருத்தம்தான்.

சிங்கப்பூரில் சிங்கம் வாழ்ந்ததில்லை, புலிதான் வாழ்ந்தது. சாங் நீல உத்தமா என்ற இளவரசர் ஒரு விலங்கைப் பார்த்துச் சிங்கம் என்று கருதியதாக மலாய்ப் பழங்கதை சொல்கிறது. சிங்கம், புரம் என்ற இரண்டு சொல்லும் நமக்குப் பழகியவை என்பதால் பெயரை விளக்கவே வேண்டியதில்லை.

பாலத்தால் இடம்பெயர்ந்தவை

சிலை நிரந்தரமானது என்று நினைப்போம். பாலங்களின் கதையில் அப்படி இல்லை.

மெர்லயன் சிலை 1972 செப்டம்பரில் ஆற்று முகத்துவாரத்தில் திறக்கப்பட்டது. லிம் நாங் செங் வடித்தது, 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. கப்பலில் வருபவர்களை வரவேற்கும்படி கடலைப் பார்த்து நின்றது. 1997ல் எஸ்பிளனேட் பாலம் அதற்கு முன்னால் குறுக்கே வந்து பார்வையை மறைத்தது. 2002ல் சிலையை 120 மீட்டர் நகர்த்தி, பாலத்தைத் தாண்டி இன்றைய இடத்தில் வைத்தார்கள்.

காலாங்கில் மெர்டேக்கா பாலத்தின் கதை இன்னும் உருக்கமானது. மெர்டேக்கா என்றால் விடுதலை. பாலம் 1956 ஆகஸ்டில் திறந்தது. முழுத் தன்னாட்சி கேட்டு லண்டனில் நடந்த பேச்சு அதே ஆண்டுதான் தோற்றிருந்தது. பாலத்தின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கற்சிங்கம் காவலிருந்தது. பத்தே ஆண்டில், 1966ல், சாலையை அகலப்படுத்துவதற்காகச் சிங்கங்களை எடுத்துவிட்டார்கள். பல இடம் மாறி, கடைசியில் அவை ஜூரோங்கிலுள்ள சாஃப்டி ராணுவக் கழக வாயிலில் போய் நின்றன.

நினைவுச்சின்னம் என்றால் எதைப் பாதுகாக்கிறார்கள்?

தேசிய நினைவுச்சின்னம் என்ற அறிவிப்பு சட்டப் பாதுகாப்பு தருகிறது. தேசிய மரபுடைமைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் அதை இடிக்கவோ மாற்றவோ கூடாது. மாரியம்மன் கோயில் 1973லிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆற்றுப் பாலங்கள் 2019ல்தான் சேர்ந்தன. பழைய சிலை எது, பாலத்துக்கே உரியது எது என்று பிரித்தறிய நாமே மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

1. சிலை பாலத்தின் பாகத்தில் பதிந்திருக்கிறதா, பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா? எல்ஜின் சிங்கம் தூணிலேயே பதிந்தது. கேவனா பூனை ஓரத்தில் வைத்தது.

2. அது யாருக்காக? ஆட்சியின் பெருமைக்காகவா, புதிய நாட்டின் அடையாளத்துக்காகவா, பயணிகளை ஈர்க்கவா? 1929, 1956, 1972, 1990கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொல்லும்.

3. அந்த விலங்கு இங்கே உண்மையில் இருந்ததா? பட்டியலில் உள்ளவற்றில் பாலத்தின் மேல் தினமும் நடந்து சென்றது ஒன்றுதான்.

மாடு எங்கே?

பழைய சிங்கப்பூரில் மாடு இல்லாமல் எதுவும் நகரவில்லை. சைனாடவுனுக்குத் தண்ணீர் கொண்டுபோனது மாட்டு வண்டி. கிரேத்தா ஆயர் என்ற பெயரே தண்ணீர் வண்டி என்று பொருள்படுகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மாட்டு வணிகம் செழித்தது. பஃபலோ ரோடு அதன் மிச்சம். கேகே மருத்துவமனை என்று சொல்கிறோமே, கண்டாங் கெர்பாவ், அதற்கு எருமைத் தொழுவம் என்று அர்த்தம். வண்டியோட்டிகளில் தமிழர் நிறையப் பேர். துறையிலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து கடைக்கும் மூட்டைகளை ஏற்றிச் சென்றவர்கள் அவர்கள்.

கேவனா பாலத்துக்குப் பக்கத்தில், தென்கரையில், ‘ஆற்று வணிகர்கள்’ என்ற வெண்கலத் தொகுப்பை ஆவ் டீ ஹோங் வடித்தார். ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் லாரி ஜான்ஸ்டன் நடுவில் நின்று, மலாய்த் தலைவருக்கும் சீன வணிகருக்கும் இடையே பேரம் பேசுகிறார். எல்லோரும் படம் எடுப்பது இந்த மூவரைத்தான். ஓரத்தில் சீனக் கூலியும் இந்தியக் கூலியும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மூட்டைகள் ஏறுவது ஒரு மாட்டு வண்டியில். எதிர்க்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம், செர்ன் லியன் ஷான் வடித்த இன்னொரு தொகுப்பில் செட்டியார் ஒருவர் கணக்குப் பார்க்கும் மேசையோடு உட்கார்ந்திருக்கிறார். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கடன் கொடுத்து வணிகம் வளர்த்தவர்களின் நினைவு அது.

இந்தச் சிற்பங்களும் புதியவைதான், ஆற்றைச் சுற்றுலா இடமாக்கிய காலத்தவைதான். ஆனாலும் பூனைகளைவிட இவை பாலத்துக்கு நெருக்கமானவை என்று தயங்காமல் சொல்வேன்.

நேரில் போக நினைப்பவர்கள் எல்ஜின் பாலத்திலிருந்து தொடங்குவது நல்லது. விளக்குத் தூண்களின் சிங்கங்களைப் பார்த்துவிட்டு, போட் கீ வழியாகத் தென்கரையில் நடந்தால் பத்து நிமிடத்தில் கேவனா வந்துவிடும். மாலை வெயில் தாழ்ந்தபின் சாய்ந்த இரும்புத் தண்டுகள் வானத்தில் தெளிவாகத் தெரியும். பூனைகளைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். பாலத்தில் ஏறும் முன் முனையில் நின்று பலகையை முழுதாகப் படித்துக்கொள்ளுங்கள். 3 ஹண்டர்வெயிட் என்ற எண்ணைத் தாண்டி அடுத்த வரியில் மாடு இருக்கிறது.